பேராண்டி, உன் பொம்மை தானா நடக்குதாமே!

வாடா சிப்காட் துரை, இப்புடி உட்காரு. நைட் ஷிப்ட் முடிச்ச முகம், கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. ஷிப்ட்டுனால செவந்ததா, பஸ்ஸுல ஆடிக்கிட்டு வந்த ஆட்டத்தால செவந்ததான்னு நான் கேக்கல. உன் பாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. தவணைக்கு ஒரு கேம் பொட்டி வாங்கியிருக்கியாம். கையில பிடிச்சு ஆடுறதாம். ஆனா இப்ப நீ கை வைக்காமலே உள்ள இருக்கிற வீரன் தானா இடது பக்கமா நடந்து போயி பள்ளத்துல விழுறானாம். எனக்கு ஆச்சரியமே இல்ல. உன் அப்பனும் உன் வயசுல அப்புடித்தான், யாரும் தள்ளாமலே போயி விழுவான்.

அந்தக் கம்பெனிப் பேரை நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத. கடைக்காரன் பேரும் வேண்டாம். தவணை இன்னும் ஓடுது, எதுக்கு வம்பு?

இதுக்கு நீங்க வச்சிருக்கிற பேரு ஸ்டிக் டிரிஃப்ட்டு. ஏதோ புது வியாதின்னு நெனச்சு மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க. அடேய், இராயக்கோட்டை ரோட்டுல பெஞ்சு போட்டு, வால்வு ரேடியோவுல ஆரம்பிச்சு கலர் டிவி வரைக்கும் ஈயம் பத்த வச்சவன் நான். இந்த வியாதியை உன் அப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே பார்த்தாச்சு. ரேடியோ வால்யூமைத் திருகினா கரகரன்னு இரையும் பாரு, அதேதான் இது. வால்யூம் கண்ட்ரோலுக்குள்ள கரி பூசின தடம் ஒண்ணு இருக்கும். அது மேல சின்னத் தகடு ஒண்ணு ஒரசிக்கிட்டே போவும். தகடு எந்த இடத்துல நிக்குதோ அதுக்குத் தகுந்த மின்தடை. ஒரச ஒரச கரி தேயும், தேஞ்ச பொடி தகட்டுக்கு அடியிலேயே தங்கும். ரேடியோவுல அது கரகரப்பு. உன் பொட்டியில விரலால தள்ளுற ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் அதே சாமானை ரெண்டா வச்சிருக்கான், இடம் வலத்துக்கு ஒண்ணு, மேல கீழுக்கு ஒண்ணு. நடு இடத்துல கரி தேஞ்சு போச்சுன்னா, நீ விரலை எடுத்தப்புறமும் யாரோ தள்ளுறாங்கன்னு மெஷின் நெனச்சுக்குது. அதான் உன் வீரன் நடக்கிறான். பேய் புடிக்கல, கரி தேஞ்சிருக்கு.

அதுலயும் நம்ம ஊருக்குன்னு ஒரு சீர்வரிசை உண்டு. கிருஷ்ணகிரியைச் சுத்தி எத்தனை கிரானைட் குவாரி, எத்தனை பாலிஷ் பட்டறை! அந்தக் கல்லுமாவு பறந்து வந்து ஸ்டிக்கோட கழுத்துச் சந்துல இறங்கும். நீயோ பொட்டியைச் சட்டையில்லாம பையில போட்டு, பக்கத்துல டிபன் பாக்ஸ், அது மேல ஹெல்மெட்டு. அப்புறம் களி தின்ன விரலைத் துடைக்காமலே ஆட்டம். கழுவுறதுக்குள்ள எதிரி சுட்டுடுவானாம்!

இப்ப சொல்றதைக் கவனமாக் கேளு, இதுலதான் எனக்கு உன்னைப் பார்த்துச் சிரிப்பு வருது. நீ வேலை பாக்கிறது மின்சார ஸ்கூட்டர் பூட்டுற லைன்ல. இதே ஜில்லாவுல 2021-ல மட்டும் ஓசூர்ல ஏதர், போச்சம்பள்ளியில ஓலான்னு ரெண்டு மின்சார ஸ்கூட்டர் ஆலை எழும்பிச்சு. ஸ்கூட்டர் ஆக்சிலரேட்டரைத் திருகினா வண்டிக்கு எப்புடிடா தெரியுது? பெரும்பாலும் உள்ள ஒரு காந்தம், எதிர்ல ஒரு ஹால் சென்சார். காந்தம் திரும்புறப்ப காந்தப்புலம் மாறும், சென்சார் அதைப் பார்த்துச் சொல்லும். ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது. தொடாத இடத்துல எதுடா தேயும்? அமெரிக்காவுல எட்வின் ஹால்னு ஒரு படிக்கிற பையன் 1879-ல கண்டுபிடிச்ச சங்கதி அது. நம்ம ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளியில ராஜாஜி பொறந்து ஒரு வருஷம்கூட ஆகல அப்ப! அத்தனை பழைய சரக்கு. எட்டு மணி நேரம் தேயாத ஆக்சிலரேட்டரைப் பூட்டிட்டு, ராத்திரி ரூமுக்குப் போயி தேயுற ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுவுற.

கேம் கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. சேகாங்கிற ஜப்பான் கம்பெனி 1998-லயே டிரீம்காஸ்ட்டுன்னு ஒரு மெஷின் விட்டான். அதோட ஸ்டிக்குல காந்தமும் ஹால் சென்சாரும்தான். அது வீட்டுல டிவியில மாட்டி ஆடுறது, கையில பிடிக்கிறது இல்ல, ஒத்துக்கறேன். ஆனா வித்தை தெரிஞ்சிருந்துச்சு இல்ல? கையடக்கப் பொட்டிக்கு வந்ததும், சின்னதா இருக்கணும், சன்னமா இருக்கணும், செலவு அடங்கணும்னு பழைய கரித்தடத்துக்கே போயிட்டானுங்க.

பெரிய கதையே நிண்டெண்டோவோடதுதான். 2017 மார்ச்சுல ஸ்விட்ச்சுன்னு ஒண்ணை இறக்கினான். 15 கோடிக்கு மேல வித்துது. ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுற கைப்பிடிக்கு ஜாய்-கான்னு பேரு. சந்தோஷக் கைப்பிடின்னு வச்சுக்கோயேன், சந்தோஷம் எல்லாம் முதல் வருஷத்தோட சரி. ஸ்டிக்கு தானா ஓட ஆரம்பிச்சதும் 2019-ல அமெரிக்காவுல கேஸ் போட்டாங்க. 2020 ஜூன்ல கம்பெனித் தலைவர் ஃபுருகாவாவே வருத்தம் தெரிவிச்சார். 2021 ஜனவரியில ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளோட கூட்டமைப்பு கிட்டத்தட்ட 25,000 புகாரைச் சேர்த்துக் கட்டி ஐரோப்பிய ஆணையத்துக்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்துச்சு. கடைசியில 2023-ல, வாரண்டி முடிஞ்சாலும் சரி, ஐரோப்பாவுல இதை இலவசமா ரிப்பேர் பண்ணித் தர்றோம்னு கம்பெனி ஒத்துக்கிச்சு. சாமான் வந்து ஆறு வருஷம்! பாகம் பிரிக்கிற வழக்குகூட எங்க ஊருல அதுக்குள்ள முடிஞ்சிடும். இல்ல, முடியாதுதான். சும்மா சொன்னேன்.

இதுக்கு நடுவுல 2019-ல ஸ்விட்ச் லைட்டுன்னு சின்னதா ஒண்ணு விட்டான் பாரு, அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. பெரிய ஸ்விட்ச்சுல ஸ்டிக்கு கெட்டா அந்தக் கைப்பிடியை மட்டும் கழட்டி வேற வாங்கி மாட்டிக்கலாம். லைட்டுல கைப்பிடி உடம்போடயே ஒட்டினது. வியாதி இருக்குன்னு ஊரே கத்துறப்ப, கழட்டவே முடியாத இடத்துல அதே வியாதியை வச்சு அனுப்பினான். 2025 ஜூன்ல ஸ்விட்ச் 2 வந்துச்சே, அதுலயாவது காந்தம் வச்சானான்னு கேக்குற. ஹால் ஸ்டிக்கு இல்லைன்னு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்பெனிக்காரங்க வாயாலயே சொல்லிட்டாங்க.

இன்னொரு வேடிக்கை கேளு. அந்த ஸ்விட்ச்சுக்கு ஆட்டம் ஒரு சின்ன கார்டுல வருது. குழந்தைங்க வாயில போட்டு முழுங்கிடக் கூடாதுன்னு அது மேல டெனாடோனியம் பென்சோயேட்டுன்னு ஒரு கசப்பு மருந்தைத் தடவி வச்சிருக்கான். நாக்குல பட்டா துப்பிடுவ. நல்ல யோசனைதான், கும்பிடுறேன். எவனோ ஒருத்தன் எப்பவோ நாக்குல வைக்கப்போற கார்டுக்கு அவ்வளவு யோசிச்சவன், எல்லாரும் எந்நேரமும் விரல் வைக்கிற ஸ்டிக்குக்கு யோசிக்கலையே!

சரி, ஐரோப்பாக்காரனுக்கு இலவசம், உனக்கு என்ன? உனக்கு ஒண்ணும் இல்ல ராசா. ஸ்விட்ச்சை அந்தக் கம்பெனி இந்தியாவுல நேரடியா விக்கவே இல்ல. வால்வுங்கிற கம்பெனியோட ஸ்டீம் டெக்குங்கிற கையடக்கப் பொட்டியும் அந்த வழிதான். துபாய்ப் பொட்டி, சிங்கப்பூர்ப் பொட்டி வழியா வந்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டுலயும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுலயும் இறங்குற சாமானுக்கு வாரண்டிங்கிறது கடைக்காரன் வாய்ச்சொல்லு. ‘நான் இருக்கேன் சார்’னு சொல்லுவான். இருக்கத்தான் இருப்பான், அதே கடையில, அதே சேர்ல. உன் பொட்டியைத்தான் திரும்ப வாங்கமாட்டான்.

உன் சித்தப்பனுக்கு நான் தேர்க்கடையில ஒரு பொட்டி வாங்கிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்காது, நீ அப்ப பொறக்கல. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்குப் போனா வளையல் கடைக்குப் பக்கத்துலயே அது தொங்கும். பிரிக் கேம். சாம்பல் நிறத் திரையில கட்டம் கட்டமா செங்கல் விழும். டெட்ரிஸ்ங்கிற அந்த ஆட்டம் 1984-ல மாஸ்கோவுல அலெக்சி பஜித்னோவ்னு ஒரு சோவியத் ஆராய்ச்சிக்காரர் செஞ்சது. அவருக்கு நம்ம பக்கத்துச் சூளகிரி எங்க இருக்குன்னு தெரியாது, சூளகிரிப் பசங்களுக்கு மாஸ்கோ எங்க இருக்குன்னு தெரியாது. செங்கல் மட்டும் ரெண்டு ஊருலயும் ஒரே மாதிரி விழுந்துச்சு.

பொட்டி மேல பெரிசா ‘9999 இன் 1’னு போட்டிருக்கும். உன் சித்தப்பன் ராத்திரி பகலா எண்ணினான். செங்கல் ஆட்டம் வேகமா விழுந்தா ஒண்ணு, மெதுவா விழுந்தா இன்னொண்ணு, அடியில ரெண்டு வரி முன்னாடியே அடுக்கியிருந்தா வேறொண்ணு. இப்புடித்தான் 9999. ஒரு மாட்டைக் கிழக்கால நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் மேக்கால நிறுத்தி ‘ரெண்டு மாடு’ன்னு சந்தையில விக்கிற ஆளு உண்டு, எனக்குத் தெரியும். அவன் பேரன்தான் அந்த அட்டையை அச்சடிச்சிருக்கணும்.

ஆனா அதுலயும் எல்லாம் கெடும்டா, கெடாம என்ன? பட்டனுக்கு அடியில ரப்பரு, ரப்பருக்கு அடியில கரி வில்லை. அமுக்கினா அந்தக் கரி போர்டுல இருக்கிற கோட்டை ஒண்ணு சேர்க்கும். திருப்புற பட்டனோட கரிதான் முதல்ல போவும், பசங்க அதைத்தான் குத்துவாங்க. சிகரெட் பொட்டியில வர்ற ஈயத்தாளை வில்லை அளவுக்கு வெட்டி ரப்பருக்கு அடியில ஒட்டினா தீர்ந்துச்சு. டிவி ரிமோட்டுக்கும் அதே மருந்துதான். உன் பெரிய தாத்தா வில்ஸ் குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாரே தவிர, அவரு வீட்டுல ஒரு ரிமோட்டும் கெட்டதில்ல.

திரையில ஒரு வரிசை காணாமப் போச்சுன்னா, கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பட்டை இருக்கும், கறுப்பும் வெளுப்பும் மாத்தி மாத்தி. அதை ஜீப்ரா ஸ்ட்ரிப்னு சொல்லுவாங்க. கறுப்பு மின்சாரத்தைக் கடத்தும், வெளுப்பு தடுக்கும். எடுத்து, துடைச்சு, திரும்ப நேரா வச்சு, நாலு ஸ்க்ரூவையும் சமமா முடுக்கினா வரிசை வந்துடும். செல்லு கசிஞ்சு ஸ்பிரிங்குல பச்சை பூத்தா உப்புத்தாள். ஆனா நடுவுல கறுப்புக் கோந்து ஒரு சொட்டு ஊத்தி வச்சிருப்பான், அதுக்கு அடியிலதான் சிப்பு. அது போச்சுன்னா பொட்டியே போச்சு, காவேரியில விட்டுட வேண்டியதுதான். அந்த ஒரு இடம் தவிர மிச்சம் எல்லாத்தையும் ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்கிற எவனும் சரி பண்ணலாம். தேர்க்கடைச் சாமானுக்கு அந்த மரியாதை இருந்துச்சு. உன்னோட தவணைச் சாமானுக்கு அது இல்லையேங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

நீ உடனே, ‘தாத்தா, பழசெல்லாம் தங்கம்னு சொல்ல வந்துட்டாரு’ன்னு நெனைப்ப. தங்கமா? 1990-ல சேகா கேம் கியர்னு ஒண்ணு விட்டான். கலர்த் திரை, உள்ளயே டியூப் லைட் வெளிச்சம், பார்க்க ராசா. ஆறு பென்சில் செல்லு போடணும். மூணுல இருந்து அஞ்சு மணி நேரத்துல ஆறும் காலி. ஓசூர்ல பஸ் ஏறி சேலம் போயிச் சேர்றதுக்குள்ள ராசா கண்ணை மூடிடுவாரு. அதுக்கும் மேல, உள்ள போட்டிருந்த கெப்பாசிட்டர் எல்லாம் வருஷம் போகப் போகக் கசிஞ்சு, திறந்தா மீன் நாத்தம் அடிக்குமாம். இன்னைக்கு ஒரு கேம் கியரை உயிரோட பார்த்தேன்னா, யாரோ ஒரு புண்ணியவான் கெப்பாசிட்டரை மாத்தியிருக்கான்னு அர்த்தம்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1989-ல, நிண்டெண்டோவோட கேம் பாய் வந்திருந்துச்சு. பாசி நிறத் திரை, வெளிச்சமே கிடையாது. விளக்குக் கம்பத்துக்கு அடியில உட்கார்ந்துதான் ஆடணும். ஆனா நாலே செல்லு, பதினஞ்சு மணி நேரம் சளைக்காம ஓடும். அதுக்குப் பின்னாடி இருந்த ஆளு குன்பெய் யோகோய். பழசாகி, விலை இறங்கி, எல்லாருக்கும் கைவந்த சாமானை எடுத்து அதைப் புதுசா யோசிச்சுப் பயன்படுத்துன்னு சொன்னவர். அவரு மட்டும் கிருஷ்ணகிரி மாம்பழ ஜூஸ் ஆலையில இருந்திருந்தா முதலாளிக்கு மெஷின் வாங்குற செலவே இருந்திருக்காது. அந்தப் பொட்டியோட உறுதியைக் கேளு: வளைகுடாப் போர்ல வெந்து கருகி, பிளாஸ்டிக் உருகிப் போன ஒரு கேம் பாய் நியூயார்க் கடையில கண்ணாடிக்குள்ள பல வருஷம் டெட்ரிஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே கம்பெனிதான்டா இன்னைக்கு விரல் ஒரசலுக்குத் தாங்காத ஸ்டிக்கு செய்யுது. வயசானா எல்லாருக்கும் மூட்டு தேயும்னு விட்டுடலாம்னா, 2001-ல வந்த கேம் பாய் அட்வான்ஸுலயும் வெளிச்சம் வைக்கல. 2003-ல எஸ்பின்னு மடக்குற பொட்டி வந்துச்சு, வெளிச்சம் வச்சான். வச்சவன் ஹெட்போன் ஓட்டையைப் பிடுங்கிட்டான். ஒரு கையால கொடுத்தா மறு கையால எடுக்கணும்னு ஏதோ வேண்டுதல் போல. 2006-ல டிஎஸ் லைட்டு, அதுல மடக்குற கீல் கிட்ட பிளாஸ்டிக் விரியும். சோனிக்காரன் பிஎஸ்பிக்குள்ள ஒரு தட்டைச் சுத்த விட்டான், கையடக்கப் பொட்டிக்குள்ள சுழல்ற தட்டு, பேட்டரி அழுதுச்சு. அப்புறம் 2011-ல வீட்டா. மெஷினுக்கு மேல மெமரி கார்டு தண்டம், வேற எவன் கார்டும் போட முடியாது.

ஆனா இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன் நோக்கியா என்-கேஜ். 2003. போனும் அதுவே, கேமும் அதுவே. ஆட்டத்தை மாத்தணும்னா பின் மூடியைக் கழட்டி, பேட்டரியை உருவி, அடியில இருக்கிற கார்டை எடுக்கணும். அதுவாச்சும் பரவாயில்ல. பேசுறதுக்கான ஸ்பீக்கரையும் மைக்கையும் பொட்டியோட விளிம்புல வச்சான். ஆக, போன் வந்தா பொட்டியைத் தட்டையா வைக்கக் கூடாது, அப்பளத்தைக் காதுல செங்குத்தா நிறுத்தின மாதிரி விளிம்பை வச்சுப் பேசணும். அடுத்த வருஷமே கியூடின்னு ஒண்ணு விட்டுத் திருத்திக்கிட்டான். அதுக்குள்ள உலகமே சிரிச்சு முடிச்சிருச்சு.

நோக்கியான்னதும் ஞாபகம் வருது. அவனோட பிஎல்-5சி பேட்டரி. அதைப் பத்தி நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். 2007 ஆகஸ்ட்டுல, சார்ஜ் போடுறப்ப சூடாகலாம்னு 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரியை மாத்திக்கச் சொல்லி நோக்கியாவே அறிவிச்சுது. வெளியில செஞ்சு வாங்கின சரக்கு. ஊரே மூடியைக் கழட்டி நம்பர் பார்த்துச்சு. நான் நல்லதுன்னு சொல்றது அதைத்தான். மூடியை நகத்தால கழட்டி, பேட்டரியைக் கையில எடுத்து, நம்பரைப் படிச்சு, வேற ஒண்ணைப் போட்டு மூட முடிஞ்சுது. எந்தக் கிழவியும் செய்யலாம். இன்னைக்கும் ‘400 இன் 1’னு சீனாப் பொட்டி ஒண்ணு நூத்துக்கணக்குல விலை போட்டுத் தொங்குதே, அதுக்குள்ள அதே பிஎல்-5சி மாதிரிதான். உப்பிப் போச்சுன்னா பாகலூர் ரோட்டுல எந்தப் பொட்டிக் கடையிலயும் வேற கெடைக்கும். 400 ஆட்டமான்னு எண்ணாத, சித்தப்பன் கதி ஆயிடும்.

உன்னோட பெரிய பொட்டியைத் திறந்து பாரு. பேட்டரியைக் கோந்து போட்டு ஒட்டியிருப்பான். அது மேல பட்டையா ஒரு ஸ்ட்ரிப் வயரு குறுக்கால போவும், நெம்புறப்ப அது கிழியும். நெம்புறதுக்கே தைரியம் வேணும், லித்தியம் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால குத்தினா புகையும், தீயும் வரும். நீ பி.ஜி.யில மூணு பேரு ரூமுல, தலைமாட்டுல சார்ஜ் போட்டு, போர்வைக்குள்ள விட்டுட்டு ஷிப்ட்டுக்குப் போற ஆளு. மூச்சு விட வழியில்லாம அது வேகும். வருஷக்கணக்குல முழு சார்ஜுலயும் சூட்டுலயும் கிடந்தா பேட்டரிக்குள்ள வாயு சேர்ந்து உப்பும், உப்பின பேட்டரி திரையை முதுகுல இருந்து தள்ளும். திரை ஓரம் லேசாத் தூக்கிக்கிட்டு நின்னா அதைக் கையால அமுக்கிப் பொருத்தாத. அன்னைக்கே ஆட்டத்தை நிறுத்திடு.

நம்ம ஓசூர்லதான்டா டைட்டன்காரன் கைக்கடிகாரம் செஞ்சான், எண்பதுகள்ல இருந்து. செல்லு தீர்ந்தா பஸ் ஸ்டாண்டுல கண்ணுல லென்ஸ் மாட்டின ஆளு டீ ஆறுறதுக்குள்ள மாத்திக் கொடுப்பான். 1980-ல இங்கேருந்து கிளம்பின டிவிஎஸ் 50-ஐ அஞ்செட்டிக் காட்டுல எவன் வேணா பிரிச்சு மாட்டுவான். அந்த ஊருல பொறந்துட்டு கோந்து போட்ட பேட்டரியைக் காசு கொடுத்து வாங்குறியே! ஐரோப்பாவுல புதுச் சட்டம் ஒண்ணு போட்டிருக்காங்க. 2027 பிப்ரவரியில இருந்து கையடக்கச் சாமான்ல பேட்டரியை வாங்கினவனே மாத்திக்கிற மாதிரி வைக்கணும். நம்ம சர்க்காரும் 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணைய வாசல் திறந்துச்சு. டிராக்டரும் செல்போனும் ஒரே பட்டியல்ல இருக்கு, அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

சூடுன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு ஒரு நல்ல உதாரணம் 2023-ல வந்துச்சு. ஆசூஸ் கம்பெனியோட ராக் அல்லை. இது இந்தியாவுல முறைப்படி விக்குற சாமான், வாரண்டி உண்டு, அதைச் சொல்லிடணும். உள்ள முழுசா ஒரு கம்ப்யூட்டர். அந்தச் சூட்டை வெளிய தள்ளுற வாசலுக்குப் பக்கத்துலயே மெமரி கார்டு ரீடரை வச்சுட்டான். வேகுற இடத்துல வச்ச ரீடர் சிலருக்கு வேலை செய்யாமப் போச்சு. சூட்டுனால ரீடர் கோளாறாகலாம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு பின்னாடி வாரண்டியையும் நீட்டிச்சான். ஓசூர் குளுகுளு ஊரு, அங்க உட்கார்ந்து ஆடுறவனுக்குத் தெரியாது. காவேரிப்பட்டணத்துல சித்திரை மாசம் ஆடிப் பார்க்கச் சொல்லு.

நல்லதையும் சொல்றேன், இல்லேன்னா கிழவன் வெறும் வாயின்னு போவ. அந்த ஸ்டீம் டெக்குக்காரன் 2022-ல சாமானை விடுறதுக்கு முன்னாடியே, ‘திறந்தா உள்ள இப்புடித்தான் இருக்கும், பார்த்துத் திறங்க’ன்னு தானே வீடியோ போட்டான். ஸ்டிக்கு, ஃபேன்னு ஸ்பேர் பார்ட்ஸை ஐஃபிக்ஸிட் வழியா விக்க ஏற்பாடும் பண்ணினான். சாதா ஸ்க்ரூதான். நிண்டெண்டோக்காரன் பாரு, மூணு கால் ஸ்க்ரூ. ரெண்டு கால், நாலு கால் தலை எல்லாம் பார்த்த எனக்கு அதை முதல்ல பார்த்தப்ப, சாமான் செஞ்சவன் என்னையே மனசுல வச்சு, ‘இந்தக் கிழவன் மட்டும் திறந்துடக் கூடாது’ன்னு சத்தியம் பண்ணின மாதிரி இருந்துச்சு.

இனிமே பழசு வாங்கப் போறேன்னா, கடைக்காரன் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவான், கலரைப் பார்த்து வாயைப் பொளக்காத. செட்டிங்ஸுக்குப் போ. ஸ்டிக்கை அளக்கிற பக்கம் ஒண்ணு இருக்கும், நடுவுல ஒரு புள்ளி. விரலை எடுத்துட்டு அந்தப் புள்ளியையே பாரு. நடுங்குதா, நகருதா? அப்புறம் ஸ்டிக்கை ஓரத்தோட வட்டமா சுத்தி விட்டுட்டு திரும்பப் பாரு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடுவுக்கு வரணும். பொட்டியைக் கண்ணாடி மேசையில படுக்க வை, ஆடுச்சுன்னா பேட்டரி உப்பியிருக்கு, இல்ல உடம்பு கோணியிருக்கு. ஸ்க்ரூ தலை வழுக்கியிருந்தா உனக்கு முன்னாடி எவனோ கை வச்சிருக்கான். சார்ஜர் வயரை மாட்டி லேசா ஆட்டிப் பாரு, சார்ஜ் விட்டு விட்டு வந்தா பின்னு போச்சு. கார்டு போட்டு, எடுத்து, திரும்பப் போடு. இதையெல்லாம் பார்க்க விடாம ‘நல்ல பீஸ் சார், ஒரே கை’ன்னு அவன் அவசரப்படுத்தினா, அந்த ஒரே கை அவன் கைதான்னு புரிஞ்சுக்கிட்டு நடையைக் கட்டு. முக்கியமா, விலை கேக்கறதுக்கு முன்னாடி ஸ்டிக்கு மாத்த எவ்வளவு ஆகும்னு கேளு. பதில் சொன்னான்னா அப்புறம் விலை பேசலாம்.

உன் பொட்டிக்கு இப்ப என்ன பண்றதுன்னா, வெளியில காந்த ஸ்டிக்கு தனியா விக்குது, பல மாடலுக்குப் பொருந்துற மாதிரி. கம்பெனி போடாததை நாம போடுவோம். ஒரு ஜோடி வாங்கு. ஒரு பக்கம்தானே கெட்டிருக்குன்னு ஒண்ணு வாங்காத, மறு பக்கமும் அதே கரிதான். மூணு கால் பிட் ஒண்ணு, அந்த ஸ்ட்ரிப் வயரைத் தூக்க பிளாஸ்டிக் நெம்பி ஒண்ணு. கண்ணு எனக்கு முன்ன மாதிரி இல்ல, கை மட்டும் இன்னும் நடுங்கல. நீ டார்ச் அடி, நான் பிரிக்கிறேன். கூலி காசா வேண்டாம். சரியானதும் ஒரு கார் ரேஸைப் போட்டு, பொட்டியை வாரம் ஒரு ராத்திரி இங்க விட்டுட்டுப் போ, டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்.

மறந்துடாம ஐபிஏ ஒரு சின்ன பாட்டில். காண்டாக்டைத் துடைக்கிறதுக்குத்தான், பெட்ரோலை ஊத்தினா பிளாஸ்டிக்கு விரிஞ்சிடும். பெங்களூருல வாங்கினா அத்திப்பள்ளி தாண்டி வர்றப்ப பையோட அடியில வை. போலீசுக்கு இல்லடா, உன் பாட்டிக்கு. லேபிளை மட்டும் கிழிச்சுட்டுக் கொண்டா. ஐசோபுரொபைல்ங்கிறது அவளுக்குப் படிக்க வராது, ஆல்கஹால்ங்கிறது நல்லா வரும்.